எந்த அழி?

என் மனைவியின் பேஸ் கிட்டார் அவளைவிட வயதில் மூத்தது. தந்திகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜில், தந்திக்கு ஒன்றாக நாலு இரும்புத் துண்டுகள் உண்டு, சாடில் என்பார்கள். மதுரையில் அவள் வாசித்த காலமெல்லாம் தந்தி உரசி உரசி அவற்றில் பள்ளம் விழுந்துவிட்டது. தடித்த தந்தியைத் தொட்டாலே தகரம் அதிர்வதுபோல ஒரு கரகரப்பு. அவற்றின் உயரத்தைக் கூட்டலாமென்றால், எங்கள் மட்டாஞ்சேரி உப்புக்காற்றில் திருகெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. மாற்றுத் துண்டு எங்கும் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி இங்கே வந்தபின் அவளுக்கு அமைந்த முதல் மேடை, ஆலுவாவில், மறுநாள் சாயங்காலம். அது நடக்காவிட்டால் கிட்டாரைப் பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிடுவாள். அப்புறம் இது என்றைக்கும் என் ஊராக மட்டும்தான் இருக்கும்.

கொச்சங்காடியில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் மதுரைக்காரர்தான். காலையில் கிட்டாரை அவரிடம் கொடுத்து, "முதல்ல நாலையும் அழிச்சு வெச்சா மதி, அது போதும். பாக்கி நான் வந்து சொல்றேன்" என்றேன். மத்தியானம் அவரே போன் செய்தார்.

"சார், நாலையும் அழிச்சாச்சு."

அப்பாடா என்று சோற்றில் கை வைத்தேன். மனைவியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அழிச்சுட்டாரா? எதுக்கு அழிச்சாரு?"

"நானாக்கும் அழிக்கச் சொன்னேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் முடிச்சை அழிப்போம், செருப்பை அழிப்போம், திருகை அழிப்போம்; கழற்றுவது என்று பொருள். மலையாளத்தோடு புழங்கிய தமிழ். மதுரையில் அழித்தால் அழித்ததுதான். அரத்தை வைத்து ராவித் தள்ளியிருந்தால்? திரும்பக் கூப்பிட்டால் மனுஷன் எடுக்கவில்லை. லேத் இரைச்சலில் எங்கே கேட்கப் போகிறது! "ஒழுங்கா தமிழ் பேசத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஸ்கூட்டரின் பின்னாலிருந்து வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எதிரே வந்த லாரிகளையெல்லாம் நான் திட்டினேன்.

பட்டறையில் நாலு துண்டுகளும் ஒரு சாயா கிளாஸில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. முழுசாக, பள்ளத்தோடு.

"சார் பேச்சுலயே சார்ட்ட சொன்னேன். இங்க வந்து இத்தன வருசமாச்சு, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் லேத்காரர். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "திருகெல்லாம் விட்டுருச்சும்மா, இனி ஒசத்திக்கலாம். ஆனா இந்தப் பள்ளம் இருக்கற வரைக்கும் கரகரப்பு போகாது. அழிச்சிரவா?"

அவள் ஒரு துண்டை எடுத்து, கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவும் மதுரையில் விழுந்தது.

"அழிச்சிருங்கண்ணே."

"எந்த அழி?"

"நம்மூரு அழிதான்."

இருவரும் சிரித்தார்கள். வீட்டில் எப்போதும் உங்க ஊரு, எங்க ஊருதான். அவள் வாயிலிருந்து 'நம்மூரு' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாளைக்குக் கரகரப்பு இருக்காது என்று நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அந்த நம்மூரில் நான் இல்லை.