காசிக்காக ஒரு சைக்கிள் சவால்

நல்ல காரியத்துக்கு ஆதரவு கேட்டு அலையும் வேலையில் சம்பளம் கிடையாது. சந்தேகம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நீங்களும் நோட்டீஸோடு கடை கடையாக ஏறி இறங்கியவர் என்றால், நான் விளக்க வேண்டியதில்லை.

என் அறைத்தோழன் காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். லாரி மோதியதில் முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. பொங்கலுக்குள் எழுந்து நின்றால் பேக்கிங்கில் வேலை உண்டு என்றது நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனி. செயற்கைக் காலுக்காக சைக்கிள் சவால் ஒன்று யோசித்தோம். நாங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடைக்காரர்கள் ஒரு தொகை தர வேண்டும். எங்கள் பஜாரில் பாய்மார் கடைகள்தான் அதிகம். பள்ளிவாசல் பெரியவர்கள் தலையாட்டினால்தான் கல்லா திறக்கும்.

ஆதியிலிருந்து

முதலில் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், முத்தவல்லி ரஹீம் பாயிடம் போனேன். தாத்தாவிடம் கதை கேட்டே வளர்ந்தவன் நான். எதையும் ஆதியிலிருந்துதான் சொல்ல வரும். குரலும் கம்மி. காசி ஊரில் பஸ் ஏறிய கட்டத்துக்கு வருவதற்குள் பாய் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லப் போறாங்க. அதுக்குள்ள அந்தப் புள்ள மெட்ராஸ் வந்து சேர்ந்துடுவானா?"

போட்டோ

அடுத்து பள்ளிவாசல் செயலாளர் ஜாபர் பாய். நோட்டீஸை அவர் கையில் கொடுத்து, ஒரு போட்டோவுக்காக செல்லை எடுத்தேன். சட்டென்று நோட்டீஸாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

"போன வாட்டியும் ரத்ததானம்னுதான் போட்டோ புடிச்சாங்க. எலெக்‌ஷன் வந்ததும் பார்த்தா, பஸ் ஸ்டாண்டு போஸ்டர்ல நான் சிரிச்சிகினு கீறேன்!"

மஞ்சள் பனியன்

மலிவாகக் கிடைத்ததென்று எல்லாருக்கும் மஞ்சள் பனியன் வாங்கியிருந்தோம். ரோடு நன்றாக இருக்கிறதே என்று வல்லக்கோட்டையில் புறப்படுவதாக ஏற்பாடு. பள்ளிவாசல் வாசலில் தண்ணீர் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஜாபர் பாய் பனியனை விரித்துப் பார்த்தார்.

"வல்லக்கோட்டை கோயில் பக்கம் கெளம்பி, மஞ்சள்ல வந்து நின்னீங்கன்னா, முருகனுக்கு வேண்டுதலானு ஊரே கேக்கும். நான் இன்னா பதில் சொல்றது?"

கிலோமீட்டர் கணக்கு

பனியனை வெள்ளையாக்கி, புறப்படும் இடத்தை ஒரகடம் கூட்ரோட்டுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். ஓட்டினால் காசு, ஓட்டாவிட்டால் இல்லை என்றால் அது பந்தயம் மாதிரி ஆகிவிடுமே, மார்க்கத்தில் சூது கூடாதே என்று ஜாபர் பாய் தயங்கினார். "சூது இல்ல பாய்" என்றேன், எனக்கே கேட்காத குரலில். பக்கத்தில் இருந்த ரஹீம் பாய் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தார்.

"ஐப்பசி மாசம். மழை புடிச்சி நீங்க நடுவழில நின்னுட்டா, அந்தப் புள்ளைக்குப் பாதிக் காலா வாங்கிக் குடுப்பீங்க?"

சவால் நாள்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ரஹீம் பாயே அறிவித்தார்: சைக்கிள் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கொடுக்க நினைப்பதை முழுசாக இப்போதே கொடுத்துவிடுங்கள். அந்த வாரமே பணம் சேர்ந்தது. பின்னாலேயே மழை. சவால் மார்கழிக்குத் தள்ளிப்போனது. அதற்குள் காசிக்கு அளவெடுத்து, கால் பொருத்தியாகிவிட்டது; அவன் நடக்கவும் பழகிவிட்டான்.

இனி ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஷிப்ட் மாற்றி வைத்திருந்தவர்கள் விடுவார்களா? நாக்கு வெளியே தள்ள, பள்ளிவாசல் வந்து சேர்ந்தோம். வாசலில் ரோஸ்மில்க் டம்ளர்களோடு ஜாபர் பாய். பக்கத்தில் காசி, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாப்பா, இவன் ரூம்லேர்ந்து நடந்தே வந்துட்டான். சைக்கிள்ல வர்ற உங்களுக்கு இவ்ளோ நேரமா?"

மறுநாள் காசி பேக்கிங்கில் வேலைக்குச் சேர, அவனுக்காக சைக்கிள் மிதித்த நாங்கள்தான் கால் வலி என்று லீவு சொன்னோம்.