பக்கவாட்டில் இன்னொரு படம்

காதர் அண்ணன் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியைக் குருணிலிருந்து வரும் பேருந்தின் ஓட்டுநர்தான் கொண்டுவந்தார். "காலையிலேயே அடக்கம் பண்ணிட்டாங்க அக்கா," என்றார். டவுன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவரிடம் படம் எடுத்துக்கொண்ட தோட்டத்து மக்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். மழை விட்ட மறுநாள் வாளியோடு மேட்டிலிருந்து சறுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சுளுக்கு என்றார். நான்காம் நாள் தோட்ட ஆபீஸ் கிராணி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்து, "நாளைக்கு வேலைக்கு எறங்கலன்னா வீட்டைக் காலி பண்ணு," என்றார். நான் இறங்கவில்லை. என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து என் புருஷன் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். என் பொய்யைப் பிடிக்கத் தோட்ட மானேஜரான துரை அனுப்பி, கிராணியும் பின்னாலேயே வந்தார்.

முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா? நடிப்பு!" என்று கிராணி சிரித்தார். எனக்கே என் வலியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

காதர் அண்ணன் ஈரம் சொட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தக் கதிர் சதையைத் தாண்டிப் போயிரும், அந்த எடம் படத்துல கறுப்பாகும். எலும்பு தடுத்துரும், அது வெள்ளையா நிக்கும். ஒடிஞ்சிருந்தா நடுவுல கறுப்புக் கோடு விழும். ஆனா முன்னால இருந்து எடுத்தா ஒரு எலும்பு இன்னொண்ண மறைச்சுக்கும்லா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, காலைப் பக்கவாட்டுல வை. அசையாத."

"துரை ஒரு படம்தான் எடுக்கச் சொன்னாரு," என்றார் கிராணி.

"உங்க துரைக்கு எலும்பு பயப்படாதுலா. வெளிய நில்லுங்க."

இரண்டாவது படத்தில் வெள்ளை எலும்பின் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. காதர் அண்ணன் அதைக் கிராணியின் கையிலேயே கொடுத்து, "இந்த எலும்பும் நடிக்குதுன்னு துரைகிட்ட சொல்லுங்க," என்றார். எனக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கால் கூடும்வரை லயத்து வீட்டிலேயே இருந்தேன்; யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை.

துரை ஆஸ்பத்திரி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். காதர் அண்ணனைப் பாலிங் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். என்னால்தான் என்று அழுதேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "பாலிங்லயும் எலும்பு இருக்கு, தங்கச்சி," என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பிடிவாதம். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு இன்றும் டிரெசரிடம் போகிறேன். "வலிக்குதுன்னு சொல்றாங்க, மறுபடி பாருங்க," என்கிறேன். பார்க்கும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை.