வெட்டுக்கத்திக்கு அளவெடுத்த கதை

புடவைக் கடையில் பெண்கள் ஒன்றை எடுக்கக் கடையையே புரட்டிப் போடுகிறார்கள் என்று கேலி செய்கிற ஆண்களே... உங்களில் யாராவது ஒரு வெட்டுக்கத்தி செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் போன மாதம் கொடுத்தோம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்!

விஷயம் இதுதான். என் கணவருக்கு மலை எஸ்டேட் ஸ்கூலுக்கு மாற்றல். வீடு பார்க்கப் போனபோது, அங்கே முன்பு இருந்த வாத்தியாரின் மனைவி என்னைக் கண்டதும் சொன்னது ஒன்றே ஒன்று. "வாரத்துக்கு ஒருக்க குவார்ட்டர்ஸைச் சுத்திப் புதரை வெட்டிரு பிள்ளே. இல்லேன்னா பாம்பு அடுக்களைக்கே வந்திரும்."

என் மகள் இப்போதுதான் நடை பழகுகிறாள். எதைக் கண்டாலும் பிடித்து வாயில் வைப்பாள். அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?

கடையில் தொங்கிய கத்திகளைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம். சரி, செய்யவே கொடுத்துவிடலாம் என்று கோட்டாறில் ஒரு கொல்லப்பட்டறைக்குப் போனேன்.

"எப்படி வேணும்?" என்றார் ஆசாரி.

எப்படி என்றால்? வெட்டுகிற மாதிரி வேண்டும்! எனக்கு அதற்குமேல் தெரியவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்பினேன். கேட்டிருக்கவே கூடாது.

"கத்தி மூக்கு நல்லா வளைஞ்சிருக்கணும் மக்களே. அப்பதான் கிளையை இழுக்க முடியும்" என்றார் மாமனார். அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"வளைவெல்லாம் எதுக்கு? நீளம்தான் முக்கியம்" என்றார் கணவர். ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு படம் வேறு வரைந்தார். நாடகத்தில் ராஜா வேஷக்காரர் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். புதர் வெட்ட முடியாது.

எனக்கோ வேறு கவலை. மூக்கு கூராக இருந்து, பிள்ளை போய்த் தொட்டுவிட்டால்? மழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டு வாசலை மிதிக்கும்போதே அடுத்த சந்தேகம் — மூக்கு இல்லாவிட்டால் புதரை விலக்கக் கையையா உள்ளே விடுவது? உள்ளே பாம்பு இருந்தால்? மறுநாள் ஓடினேன். மூக்கு இருக்கட்டும், கனம் மட்டும் குறையட்டும். பாதி வழியில்... கனம் குறைந்தால் வெட்டுமா?

ஆசாரி உலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க ஒரு முடிவுக்கு வாறதுக்குள்ள என் கரி தீந்து போவும்."

ஒருவழியாக மூக்கும் உண்டு, கனமும் குறைவு என்று முடிவாயிற்று. பாக்கி பிடி மட்டும். "சாரோட கையளவு கொண்டாங்க" என்றார். கத்திக்குப் பிடி போட வீட்டு ஆண்பிள்ளையின் கையைத்தான் அளவெடுப்பது வழக்கமாம். மாமனார் தென்னோலையில் ஒரு நறுக்குக் கிழித்து, இவர் உள்ளங்கையில் வளைத்து அளவெடுத்துத் தந்தார். ஓலை வாடிச் சுருங்கினால் அளவு மாறிவிடுமே என்று அதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போனேன் என்றால் பாருங்களேன்!

கத்தி வந்தது. அழகுதான். இவர் முற்றத்து முருங்கையில் ஒரு வீச்சு வீசினார். கிளை விழுந்தது. "கொள்ளாம்!" என்று மெச்சினார் மாமனார்.

எஸ்டேட்டுக்குக் குடிபோன பிறகு முதல் திங்கட்கிழமை. இவர் கத்தியைச் சுவரில் மாட்டினார். குடையை எடுத்தார். ஸ்கூலுக்குப் போய்விட்டார். வீட்டில் மிச்சம் — நான், பிள்ளை, புதர்.

மகளை வாசல்படியில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று மிரட்டிவிட்டுக் கத்தியை எடுத்தேன். பிடி என் விரல்களுக்குள் அடங்கவே இல்லை. பரவாயில்லை என்று ஓங்கினேன். தலைக்குப் பின்னால் போன கத்தி கையிலிருந்து நழுவிப் பறந்தது. திரும்பிப் பார்த்தால், வாசல்படியை ஒட்டி மண்ணில் குத்திக்கொண்டு நிற்கிறது. மகள் கை தட்டிச் சிரிக்கிறாள். ஓடிப்போய் அவளை வாரி எடுத்தேன். புதரைப் பற்றிய நினைப்பே அன்று பூராவும் வரவில்லை.

பயம் தெளிந்ததும் எரிச்சல் வந்தது பாருங்கள்! மூக்கைப் பற்றி யோசித்தேன், கனத்தைப் பற்றி யோசித்தேன், ஓலை வாடுவதைப் பற்றிக்கூட யோசித்தேன். வெட்டப்போகிறவள் யார்? எங்கள் வீட்டில் தேங்காய் பொதித்து மட்டை உரிப்பதும் விறகு கீறுவதும் யார்? எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வழக்கம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து தலையாட்டிவிட்டோம்.

போன சனிக்கிழமை கோட்டாறுக்குப் போனோம். மாமனாரும் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"சாருக்குப் பிடி தோதுப்படலியோ?" என்றார் ஆசாரி.

நான் கையை நீட்டினேன். "இந்தக் கைக்கு அளவெடுங்க."

ஆசாரி இவரைப் பார்த்தார். இவர் மாமனாரைப் பார்த்தார்.

"அப்போ அவன் எப்படி மக்களே பிடிப்பான்?"

இடுப்பிலிருந்த மகளை இவர் கையில் கொடுத்தேன்.

"அவங்க பிள்ளையைப் பிடிச்சுக்கிடட்டும் மாமா."