வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

கமலவேணி வைராக்கியக்காரி. காஜா பெராங் ஊரில் அவள் குடியிருந்த வீட்டு வரிசை முழுக்க அது தெரியும். புருஷன் நல்லையா ரப்பர் தோட்ட வேலையை உதறிவிட்டுப் பழைய மரப்படகு ஒன்றை வாங்கியபோது, "தோட்டத்துக்காரனுக்கு எதுக்குய்யா கடலு?" என்று ஊரே சிரித்தது. சிரித்த வாய்களை அடைப்பதற்கென்றே அவள் அந்தப் படகைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் குழாய்த் தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லிம்போங்கான் கரைக்குப் போவாள். படகின் முன்தளத்தை மஞ்சள் நீர் விட்டுக் கழுவி, பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய மறுவருஷம், லைசென்ஸைப் புதுப்பிக்குமுன் படகைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் நடராஜன் வந்தார். முன்தளத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். இட்லியில் இறங்குவது போல் அது இறங்கியது.

"பலகை மக்கிப்போச்சு. பதினஞ்சு நாள் தர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா கடலுக்கு விடமாட்டேன்" என்றார்.

நல்லையா இடிந்துபோனார். லைசென்ஸ் போனால், மறுபடியும் தோட்டத்து வாசலில் போய் வேலைக்குக் கைகட்டி நிற்க வேண்டும்.

"கும்பிட்ட சாமி கைவிட்டுருச்சே, கமலா."

கமலவேணி படகில் ஏறினாள். தளம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தாள். மீன் கொட்டி, அலை அடித்து, யாருமே சீந்தாமல் கிடந்த பின்தளம் கல்லாக இருந்தது. அவள் பார்த்துப் பார்த்துக் கழுவிய இடம்தான் பொதபொதவென்று அமுங்கியது. அவளுக்குச் சுருக்கென்றது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு இருக்கும்வரை கெடாது. நல்ல தண்ணீர் பட்டால் பூஞ்சை பூத்துவிடும்.

"சாமி ஒண்ணும் பண்ணலைங்க. நாந்தான் கெடுத்தேன்" என்று சொல்லி அழுதாள். அழுதது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளே இருவரும் வேலையில் இறங்கினார்கள். மக்கியதையெல்லாம் நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்தார்கள். அடிச்சட்டங்களை ஐந்து நாள் வெயிலில் காயவிட்டு, உப்பை அள்ளித் தேய்த்தார்கள். புதுப் பலகை பொருத்தி, இடுக்குகளில் கெலாம் என்ற மரத்தின் பட்டையைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசினார்கள். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்கக் கான்வாஸ் துணியைக் கூரையாகக் கட்டினார்கள். கழுவுவதற்குக் கடல்நீரைத் தவிர வேறு நீரைக் கமலவேணி கிட்டேயே சேர்க்கவில்லை.

"பலகைக்கு ஊறுகா போடுறாங்கய்யா" என்று கரையில் கிண்டலடித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் நடராஜன் வந்தார். திருப்புளியை அழுத்தினார். இறங்கவில்லை. நாலு இடம் மாற்றி மாற்றி அழுத்தினார். மரம் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் பூட்ஸ் காலோடு ஏறி நின்று, பெரிய மனுஷன் என்றும் பாராமல் தொம்தொம்மென்று குதித்துப் பார்த்தார். கிண்டலடித்த கூட்டம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. அவர் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டதும் நல்லையா வாய்விட்டுச் சிரித்தார். கமலவேணிக்குத் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

கிளம்பிப்போன நடராஜன் பாதியில் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, எங்க இலாகா லாஞ்சுப் படகுலயும் தளம் இப்படித்தான் அமுங்குது. ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"

கமலவேணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வர்றேங்கய்யா. மொதல்ல, அதை எந்தத் தண்ணியில கழுவுறாங்கன்னு சொல்லுங்க."