கழுத்து வெட்டுப் பாவாடை

செங்கம் ரோட்டுப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. போன மாசம் போகவேண்டியதாகிவிட்டது. என் மகன் அங்கே ஒரு காபிக்கடையில் வயரிங் வேலை எடுத்திருந்தான். காலையில் சாப்பாட்டு கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மருமகள் என் கையில் கொடுத்து அனுப்பினாள். காபிக்கடை என்றால் பாய்லர், பித்தளை டபரா என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் கிடக்கிற மெத்தையில் உட்கார்ந்து, கால் மரத்துப்போகிறவரைக்கும் ஒரே கோப்பையை உறிஞ்சுகிற இடம். பக்கத்து மெத்தையில் ஒரு வெள்ளைக்காரர் நறுக்கின வெள்ளரிக்காயில் வினிகரை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. நான் வேலை செய்த ஸ்டுடியோவின் இருட்டறை ஒரு வருஷம் முழுக்க அடித்த வாடை அது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் என் தங்கச்சியின் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது.

பாவாடை இல்லை, பாவாடையின் போட்டோ. ஆள் உயரச் சட்டம். கறுப்பு வெள்ளை. பாதிப் பிறையும் பாதிப் பிறையும் சேர்ந்து வட்டம், வட்டமும் வட்டமும் சேர்ந்து பூ, இப்படி மூலைக்கு மூலை ஓடுகிற டிசைன். கீழே சின்ன அட்டையில் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் படித்தேன். தென்னிந்தியக் கிராமத்துத் துணியாம். தைத்தவர் பெயர் தெரியவில்லையாம்.

தெரியவில்லையாம்! அஞ்சலை. அஞ்சலை என்று பெயர். நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசெல்லாம் வராத காலம். நாங்கள் மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலை கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் துப்பில்லை என்று அப்பாவே முடிவு செய்து, தேரடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார். அங்கே நெகட்டிவ் கழுவுவது, பிரிண்ட் போடுவது, மூஞ்சியிலிருக்கிற அம்மைத் தழும்பைப் பென்சிலால் தடவி எடுப்பது என் வேலை. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் என் பென்சிலால்தான் அழகானார்கள் என்று அப்போது எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. கிருதா வேறு காது மடலுக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கண்ராவியை விடுங்கள்.

ஸ்டுடியோவை ஒட்டி ஒரு தையல் கடை. கடைக்கார பாய் ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரர். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது பிறை மாதிரி ஒரு துண்டு விழும், பார்த்திருக்கிறீர்களா? எதற்கும் ஆகாத துண்டு. பாய் அதையெல்லாம் ஒரு கோணியில் அடைத்து வைப்பார். நான் வாராவாரம் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டுபோய் அஞ்சலையிடம் கொடுப்பேன். அவளுக்குப் பதினேழு வயசு. என்னைவிட ஐந்து வயசு சின்னவள். அந்தப் பிறைகளை ஒரு பழைய பாவாடையில் இடுப்பிலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாக வைத்துத் தைத்தாள். ஒரு வரிசை மேலே பார்க்கும், அடுத்த வரிசை கீழே பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் புஸ்தகத்திலும் பார்க்கவில்லை. எது யாருடைய ரவிக்கை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தாகவேண்டும். நான் பாயைக் கேட்டு வந்து சொல்லவேண்டும். சிவப்புப் புள்ளி டாக்டரம்மா, ஊதாக் கோடு போஸ்ட்மாஸ்டர் சம்சாரம், பச்சை பஸ் கண்டக்டர் பொண்டாட்டி. "டவுன் பொம்பளைங்க கழுத்தெல்லாம் என் பாவாடையில இருக்குதுண்ணா" என்று சொல்லிச் சிரிப்பாள். மேல்வரிசையில் அவளுக்கு ஒரு தெத்துப்பல். சிரிக்கும்போது அதைக் கையால் மறைத்துக்கொள்வாள். இது எனக்கு ஞாபகமிருக்கிறது, பாருங்கள். மறைத்த கை ஞாபகமிருக்கிறது.

அந்த வருஷம்தான் கேமராம்மா வந்தாள். வெள்ளைக்காரி. அவள் பெயர் எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை, கழுத்தில் எந்நேரமும் தொங்கின கேமராதான் பெயராகிவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். மத்தியானத்தில் ஸ்டுடியோ காற்று வாங்கும் நேரத்தில் எங்கள் இருட்டறையை உபயோகித்துக்கொள்ள முதலாளியிடம் பேசி வைத்திருந்தாள். உதவிக்கு நான். நாங்கள் பிரிண்ட்டை வெறும் தண்ணீரில் அலசுகிறவர்கள். அவள் ஊரிலிருந்து புளிப்பு மருந்து கொண்டுவந்து அதில் முக்குவாள். காபிக்கடையில் மூக்கில் ஏறினது அந்த வாடைதான்.

அவளுக்கு வேண்டியது டிசைன். மாட வீதியில் விடிகாலை கோலங்களை எடுப்பாள். கோலம் போட்ட பொம்பளை நிமிர்ந்து உள்ளே போகிறவரைக்கும் பொறுமையாக நின்று, ஆள் நகர்ந்த பிறகுதான் எடுப்பாள். கோயில் தூண், பொரிகடலைக்காரர் கூடை முடைசல், பொங்கலுக்குச் சாயம் பூசின மாட்டுக் கொம்பு, சேலைக் கரை எல்லாம் எடுப்பாள். அப்புறம் இருட்டறைக்கு வந்து ஒரே நெகட்டிவை நேராக ஒரு பிரிண்ட், திருப்பிப்போட்டு ஒரு பிரிண்ட் எடுத்து, பிளேடால் வெட்டி ஒட்டி, தூணும் கரையும் கோலமும் ஒன்றாகிப்போகிற மாதிரி ஒரு படம் பண்ணுவாள். ஒட்டின இடத்தைத் தெரியாமல் மறைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தாள். தழும்பு மறைத்துப் பழகின கை அல்லவா? மயிர்க்கோடுகூடத் தெரியாது. என் விரலைப் பிடித்துப் பார்த்து, "குட் ஹேண்ட்ஸ், வெரி குட் ஹேண்ட்ஸ்" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் நாயாக உழைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அவளை இன்னும் அசத்தவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் தங்கச்சியிடம் ஒரு பாவாடை இருக்கிறது என்று சொன்னேன். கூட்டி வா என்றாள்.

அஞ்சலை அதுவரைக்கும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. ஸ்டுடியோவில் வேலை செய்கிற அண்ணன் இருந்தும் இல்லை. முதலாளி போட்டோ பேப்பரை அலமாரியில் பூட்டி வைப்பார் என்பது ஒரு காரணம். தீபத்துக்கு எடுக்கலாம், பொங்கலுக்கு எடுக்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தது இன்னொரு காரணம். அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்து, என் சைக்கிள் கேரியரில் வந்தாள். வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரித்துப் பழகினாள். தெத்துப்பல் தெரியாமல் சிரிக்க வேண்டுமாம். ஸ்டுடியோ பின்கட்டில், உச்சி வெயிலில், கேமராம்மா நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். ஆடக்கூடாது என்று நான்தான் சொன்னேன். ஆடவில்லை. கேமராம்மா மூன்று தடவை எடுத்தாள். எடுத்து முடித்ததும் அஞ்சலை பக்கத்தில் வந்து என் காதில், "மூஞ்சி நல்லா வந்துச்சான்னு கேளுண்ணா" என்றாள். நானும் கேட்டேன். கேமராம்மா பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அந்த நெகட்டிவைப் படம் பெரிதாக்குகிற கருவியில் மாட்டி வெளிச்சம் போட்டேன். கீழே பலகையில் அஞ்சலை விழுந்தாள். நெகட்டிவ் வெளிச்சத்தில் எல்லாம் தலைகீழ் அல்லவா? கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மூஞ்சி கருத்து, தலைமுடி மட்டும் பஞ்சாக வெளுத்து, ஒரு கிழவி வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கேமராம்மா குனிந்து பார்த்தாள். பென்சிலை எடுத்துக் கழுத்துக்கு நேராக ஒரு கோடு போட்டாள். மேலே வேண்டாம், கீழே மட்டும்.

மூஞ்சி பேப்பரில் விழாமல் மறைக்க, நான் கறுப்பு அட்டையை எடுத்து அந்தக் கோட்டுக்குச் சரியாக வைத்தேன். ஒரு நூல் பிசகாமல் வைத்தேன்.

இத்தனை வருஷமாக நான் மென்று துப்ப முடியாத இடம் இதுதான். தங்கச்சிக்கு ஒரே ஒரு முழு பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன் அம்மா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்கிற ஆளில்லை அவள். எனக்குத்தான் வாய் வரவில்லை. கேட்டால் சின்னத்தனமாக நினைத்துவிடுவாளோ, இவனும் மற்ற ஆட்கள் மாதிரிதான் என்று ஒதுக்கிவிடுவாளோ என்று பயம். அடுத்த வாரம் கேட்கலாம் என்று விட்டேன். பாவாடைப் பிரிண்ட்டுகளை ஒட்டி மறைத்துக் கொடுத்துக்கொண்டே அடுத்த வாரமும் விட்டேன். பிறகொரு நாள் போனால் வாடகை வீடு பூட்டிக் கிடந்தது. தங்கும் கெடு முடிந்து ஊருக்குப் போய்விட்டாளாம். நெகட்டிவ் அத்தனையும் அவளோடு போய்விட்டது.

என்னிடம் இருந்தது பாவாடைப் படத்தில் சோதனைக்குப் போட்ட ஒரு துண்டு. தினமும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சலை பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம்.

"என் மூஞ்சி எங்கண்ணா?"

டிசைனுக்கு மூஞ்சி தேவையில்லை, இது கலை, இதெல்லாம் உனக்குப் புரியாது என்று நான் அளந்தேன். அவள் கோபிக்கவில்லை.

"அப்ப பாவாடைய கொடியில மாட்டி எடுத்துக்கினு இருக்கலாமே. நான் எதுக்கு வெயில்ல நின்னேன்?"

அதோடு சரி. அதற்குப் பிறகு அவளைக் கேமரா முன்னால் நிறுத்த முடியவில்லை. எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! கழுத்துக்கு மேலயா கீழயா, முதலாளிய கேட்டுக்கினு வா என்பாள். ரெண்டு வருஷம் கழித்துப் போளூர்ப் பக்கம் ஒரு வரன் வந்து போட்டோ கேட்டபோதும், வேணும்னா நேர்ல வந்து பாக்கட்டும் என்றுவிட்டாள். நேரில் வந்து பார்த்தார்கள், பிடித்துத்தான் போனது. தை பிறந்தால் கல்யாணம் என்று பேசி முடித்தோம். கல்யாணத்தில் எப்படியும் எடுத்துத்தானே ஆகவேண்டும், தப்பிக்க முடியாது என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஐப்பசியில் அவளுக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மந்திரித்தோம், ஆஸ்பத்திரிக்கு ரொம்பத் தாமதமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினாறு நாள். பத்தொன்பது வயசில் போய்விட்டாள். அந்தப் பாவாடையை அம்மா அவளுக்கே கட்டி அனுப்பிவிட்டாள்.

படையல் போட ஒரு படம் வேண்டும் என்றாள் அம்மா. ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் கூட்டத்தில் நிற்கிற தலையை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, தோளும் பட்டுச் சேலையும் தீட்டி, மாலை போட வாகாகப் படம் செய்து கொடுக்கிறவன் நான். கடுகளவு தலை கிடைத்தால் போதும், முழு ஆளையும் செய்துவிடுவேன். எனக்கு அந்தத் தலைதான் இல்லை. வாடகை வீட்டுக்காரரிடம் விலாசம் வாங்கி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை வைத்து இங்கிலீஷில் கடிதம் எழுதிப் போட்டேன். தங்கச்சி இறந்துவிட்டாள், அவள் முகம் இருக்கிற நெகட்டிவை அனுப்புங்கள் என்று தெளிவாகத்தான் எழுதினோம்.

நாலைந்து மாசம் கழித்துப் பெரிய உறையில் பதில் வந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார். கேமராம்மா ரொம்ப வருத்தப்பட்டிருந்தாள், பொய்யில்லை. வேலை முடிந்த பிறகு வேண்டிய பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச நெகட்டிவை வெட்டிப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். எல்லோரும் நின்று பார்க்கிற படம் உன் தங்கையுடையதுதான் என்றும் எழுதியிருந்தாள். கூடவே அட்டையில் ஒட்டின பிரிண்ட் ஒன்று. காபிக்கடைச் சுவரில் பார்த்த இதே பிறை, இதே வட்டம், இதே பூ. ஒட்டின இடம் தெரியவேயில்லை. என் கை வேலை.

வேறு வழியில்லாமல் அம்மா அதையே சுவரில் சாய்த்து வைத்தாள். இலை போட்டு, அஞ்சலைக்குப் பிடித்த கொழுக்கட்டை வைத்து, படத்துக்குப் பூச்சரம் சுற்றினாள். குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு படத்துக்கு நேரே போன கை அப்படியே நின்றுவிட்டது. மேலே கொண்டுபோனாள், பக்கத்தில் கொண்டுபோனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொட்டு எங்கடா வெக்கறது?"

நான் வாசலுக்கு எழுந்து போய்விட்டேன். அம்மா அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாள். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காபிக்கடைக்கு வருகிறேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம், அந்தப் பாவாடை என் தங்கச்சி தைத்தது அம்மா என்றேன். எதற்குச் சொன்னேனோ தெரியாது. அவளுக்குக் கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. நல்ல பெண்தான். உடனே போனை எடுத்து, படத்து முன்னால் என்னை நிற்கச் சொன்னாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். ஆடாமல்தான் நின்றேன்.

"அங்கிள், உங்க தலை டிசைன மறைக்குது. கொஞ்சம் ஓரமா வாங்களேன்."

வந்தேன். எடுத்துக் காட்டினாள். டிசைன் முழுசாக விழுந்திருந்தது, ஓரத்தில் என் தோள்.

தேரடி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாய் கடையும் இல்லை, பாயும் இல்லை. அதெல்லாம் போகட்டும், எந்த ஊரிலும் போகிறதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணை மூடி அஞ்சலை முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். பவுடர், கனகாம்பரம், பல்லை மறைத்த கை எல்லாம் வருகிறது. முகம் மட்டும் அன்றைக்கு இருட்டறைப் பலகையில் விழுந்த மாதிரிதான் வருகிறது, கருத்த மூஞ்சி, வெளுத்த தலை. உயிரோடு இருந்தால் இன்றைக்கு அவளுக்கு அந்தத் தலைதான் இருக்கும். அறுபது தாண்டின அஞ்சலையை நான் பார்த்தாகிவிட்டது. பதினேழு வயசுக்காரியைத்தான் காணோம்.