கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்

ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருஷமாகியும் இது ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. கோடை வந்தால் இவர்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, காசு கொடுத்து, துணிக்குள் போய்ப் படுக்கிறார்கள். போன மாதம் மகள் அடம்பிடித்ததில் நாங்களும் ஓர் ஏரிக்கரைக்குப் போனோம். கூடாரம் அடித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. அவள் மணலில் விளையாடும் மண்வெட்டியை வாங்கி, சுற்றிலும் மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தேன். முகாம் இடத்துக் காவலர் ஓடி வந்தார். புல்தரை கெடுகிறதாம். மழை வந்தால் என்ன செய்வது என்றேன். காரில் ஏறி வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்றார். அவருக்குக் கோபமில்லை, நிஜமாகவே விளங்கவில்லை.

மழைக்குப் போக எங்களுக்கு வீடு இல்லாத காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசியில், ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டின் சுவர் விழுந்தது. காப்பிக் களத்து ஓரமாக நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் வேறு வீடு என்றார் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர். துரைமார்கூட இந்த மலைக்கு முதன்முதலில் வந்து கூடாரத்தில்தான் கிடந்தார்கள் என்று ஆறுதல் வேறு. பங்களா கட்டும்வரை கிடந்தவர்களும் நாங்களும் ஒன்றா? அதே வருஷம் ஏற்காடு ஏரிக்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடாரம் அடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்து வயிறெரிந்தேன், மறைப்பானேன்.

"ஏனுங்க, சுத்தியும் ஒரு வாய்க்கா வெட்டிருங்க. தண்ணி உள்ளாற வந்துரும்" என்றாள் அம்மா.

அப்பா மண்வெட்டியைத் தொடவில்லை. "வெட்டுனா ரைட்டரு என்ன நெனப்பாரு? இவங்க இங்கயே இருந்துக்குவாங்கன்னு நெனப்பாரு. அப்பறம் ஊடு கெடைக்காது."

மூன்றாம் நாள் அரிசி மூட்டை நனைந்தது. அம்மாவே மண்வெட்டியை எடுத்து முழங்கால் ஆழம் வெட்டினாள். அந்த வழியாக வந்த ரைட்டர் நின்று பார்த்தார். பரவாயில்லையே, நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தோம். வெட்டாமல் இருந்தால் மட்டும் கொடுத்திருப்பாரா, யாருக்குத் தெரியும்? ஆனால் அப்பா சாகும்வரை அம்மாவைத்தான் குற்றம் சொன்னார். அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

காவலர் சொன்னபடி வாய்க்காலை மூடினேன். இரண்டு நாளும் மழை வரவில்லை. வீடு திரும்பியதும், பின்பக்கத் தோட்டத்தில் ஆப்பிள் கன்று நடலாமா என்று மகள் கேட்டாள். வருஷா வருஷம் கேட்கிறாள். ஊருக்குத்தான் போய்விடுவோமே என்று வருஷா வருஷம் நானும் தட்டிக்கழிக்கிறேன். இரண்டு நாள் கூடாரத்துக்கு யாரும் கேட்காமலே மண்ணை வெட்டினேன். இந்த வீட்டு மண்ணில் இன்னும் ஒரு குழி தோண்டவில்லை.

அவள் மண்வெட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்க என் கை எழவில்லை.