நூற்று முப்பத்து நான்கு பற்கள்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ். மூன்று வருடமாகத் தற்காலிகம். புது ஜெனரேட்டர் பேனலை ஓட்டிக் காட்டினால் நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; ஜாதகம் கிடையாது. எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் கேட்டது அந்த நிரந்தர உத்தரவைத்தான்.

ஜெனரேட்டர் எஞ்சின் பழையது, பேனலில் இருந்த கண்ட்ரோலர் புதியது. ஃபிளைவீலின் பற்கள் கடந்து போவதை ஒரு சென்சார் எண்ணும். ஒரு சுற்றுக்கு எத்தனை பல் என்று நாம் சொல்லிவிட்டால், கண்ட்ரோலர் வேகத்தைக் கணக்கிடும். மிஞ்சினால் எஞ்சினை நிறுத்திவிடும். பல்லின் எண்ணிக்கை எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை நெம்பி நெம்பி மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் நூற்று முப்பத்து நான்கு. அந்த மில்லில் எத்தனை தடவை எண்ணினாலும் ஒரே விடை வந்த பொருள் அது ஒன்றுதான்.

முதலாளி, நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று புதுக் காரையே விற்றவர். விரல் விட்டுக் கூட்டினார்.

“ஒண்ணு, மூணு, நாலு... எட்டு வருதுலே! சனியன் நம்பரை எம் மில்லுக்குள்ள வைக்கியா?”

“பல்லு அம்புட்டுதான் இருக்கு, மொதலாளி.”

“இருந்தா இருந்துட்டுப் போகுது. நீ ஏம்லே அதை மெஷின்கிட்ட சொல்லுதே?”

மேனேஜர் கோயில் கைங்கர்யக் குடும்பத்துக்காரர். “நூத்தெட்டு போடச் சொல்லுங்கோ. திவ்யதேசம் நூத்தெட்டு, கூட்டினா ஒம்பது” என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நிரந்தரம் கண்ணை மறைத்தது, நூற்றெட்டையே போட்டேன்.

கற்பூரம் காட்டி ஸ்டார்ட் செய்தோம். முழு வேகம் வருமுன்பே ‘அதிவேகம்’ என்று சிவப்பு விளக்கு எரிந்து எஞ்சின் நின்றது. பல்லைக் குறைத்துச் சொன்னதால், கண்ட்ரோலருக்கு அது தலைதெறிக்க ஓடுவதாகத் தோன்றியது. மூன்று முறை இதே கதை. “கண்ணு பட்டுருச்சு” என்று முறைக்கு ஒரு பூசணிக்காய் உடைத்தார் முதலாளி.

“செத்த நேரம் வெளிய இருங்க, மொதலாளி” என்று கதவைச் சாத்தினேன். உள்ளே நூற்று முப்பத்து நான்கைப் போட்டேன். பேனலின் மேலே மஞ்சள் பூசி, கொட்டை எழுத்தில் ‘108’ என்று பெயிண்ட் அடித்தேன். நாலாவது பூசணிக்காய்க்கு எஞ்சின் கும்மென்று ஓடியது.

“பாத்தீரா நம்பரோட மகிமையை!” என்றார் முதலாளி, மேனேஜரிடம். நான் டீசல் டாங்குக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் என் உத்தரவில் கையெழுத்துப் போட வந்தவரின் பேனா பாதியில் நின்றது.

“ஏலே, பொறந்த தேதி பதினேழா? ஒண்ணும் ஏழும் எட்டாச்சே!” பேனாவை மூடிவிட்டார்.

நேற்றைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“அது பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டது, மொதலாளி. நெசத்துக்குப் பொறந்தது பதினெட்டு.”

அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அம்மா பெற்ற தேதியை ஒரு நொடியில் மாற்றிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெண் வீட்டாருக்கும் அந்த உத்தரவைத்தான் காட்டினோம். இன்றுவரை என் மனைவி பதினெட்டாம் தேதிதான் பாயசம் வைக்கிறாள். நானும் சாப்பிடுகிறேன்.